கழித்ததையும் எடுத்து வைத்தவளுக்கு

இன்று காலை அலமாரியைத் திறந்தபோது நொச்சி வாசனை முன்புபோல் முகத்தில் அடிக்கவில்லை. பையின் அருகே மூக்கைக் கொண்டுபோனால்தான் தெரிகிறது. உன் பழைய புடவையைக் கிழித்துத் தைத்த பை. கழுத்தில் சணல் கயிறு, அதில் நீ போட்ட முடிச்சு. உள்ளே இருப்பது கல்லும் மண்ணும். விதைக்கு வைக்கும் மல்லாட்டைக் கடலைக்குப் போடுவதுபோல் அதற்கும் நொச்சி இலை போட்டு வைத்திருக்கிறாய். கல்லுக்கு எந்தப் பூச்சியடி வரும்? இதை உன்னிடம் நேரில் கேட்டிருந்தால் ஒரு பொழுது முழுக்கச் சிரித்திருப்போம். அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று அழுதேன்.

நீ போய் அடுத்த மாதம் ஒரு வருடம். அதற்கு முன் மூன்று வருடம் நான் உன்னோடு பேசவில்லை. ஒரு குழியின் ஓரத்தில், உன் அண்ணனும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருக்க, "என்னையே ஏமாத்திட்ட இல்ல?" என்று உன் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மூன்று வருடம் இருந்தது. விழுப்புரத்தில் ஏறினால் செஞ்சி என்ன காத தூரமா? நான் ஏறவில்லை. இப்போது எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

நமக்குள் எப்படி ஒத்துப்போகிறது என்று யார் கேட்டாலும் நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "அவளுக்குக் கோவம் வரும், எனக்குச் சிரிப்பு வரும். சரியாப் போச்சு." செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. வல்லத்துப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் நீ எனக்கு இடம் பிடித்து வைப்பாய். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜகிரியின் பாறைகளைப் பார்த்துக்கொண்டே வருவேன். "மலைய முறைக்காதடி, பயந்து ஓடிடப் போவுது" என்பாய்.

அறுவடைக் காலத்தில் என் அம்மா உங்கள் நிலத்துக்குக் கூலிக்கு வருவாள். மல்லாட்டை ஆய்வதிலும் முறத்தில் கொழிப்பதிலும் அவளுக்கு இணையான கை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. நீ நிலத்துக்காரர் வீட்டுப் பெண். ஆனாலும் களத்தில் என் அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாய். உன் அம்மா உள்ளேயிருந்து, "அங்க இன்னாடி உனக்கு வேல?" என்று கத்துவாள். "கொழிக்கக் கத்துக்கினு இருக்கறேன்" என்பாய், தலையைத் தூக்காமல். என் அம்மா அதிகம் பேசமாட்டாள். ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வாள். "அடுத்தவங்க எடத்துக்குப் போற பொருள்ல ஒரு கல்லு இருக்கக் கூடாதும்மா. இருந்தா நம்ம மூஞ்சில இருக்கற மாதிரி." அதை நீ பிடித்துக்கொண்டாய். எனக்கு முறம் கடைசிவரை வசப்படவில்லை. நீங்கள் இருவரும் கழித்துப் போடும் கல்லைத்தான் பொறுக்கிப் பொறுக்கிப் பார்ப்பேன். ஒன்றில் கண்ணாடிபோல் மினுங்கும், ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடும். நீ கழித்ததையெல்லாம் அள்ளி என் பாவாடையில் கொட்டி, "இந்தா உன் மண்ணு, வச்சிக்கோ" என்பாய்.

அந்தக் கல்தான் என்னை நிலவியல் படிக்க வைத்தது. நீ பன்னிரண்டாவதோடு நின்றாய், கல்யாணமாகிப் போனாய், உன் வீட்டுக்காரர் இல்லாமல் போனபின் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தாய். பாகம் பிரித்தபோது உன் அண்ணன் கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தையெல்லாம் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மலையடிவாரத்துக் கல் மூலையை உனக்கு ஒதுக்கினார். "பொம்பளப் புள்ளைக்கு இதுவே ஜாஸ்தி" என்று நாலு பேர் முன்னால் சொன்னதாக நீதான் எனக்குச் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று மட்டும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் டப்பாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். டப்பாவுக்குள் சோறு இல்லை, மண். அந்த மூலையில் கிணறு தோண்ட ஆரம்பித்து, தண்ணீருக்குப் பதில் மினுமினுப்பு வந்ததாம். பித்தளை நிறத்தில் ஏடு ஏடாக இருந்தது. "காக்காப் பொன்னுதான? அண்ணன் பாத்துட்டு, பொன்னு வந்துடுச்சு, வண்டி கட்டுன்னு கிண்டல் பண்ணுது" என்றாய். நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, நன்றாகக் காய்ந்ததும் நாலு செதிலை அதில் போட்டேன். செதில்கள் சடசடவென்று நெளிந்து, விரிந்து, புழுப்போல் நீண்டன.

"ஐய, இன்னாடி இது, உசுரு வந்தாப்போல எழுந்து ஆடுது" என்று பின்னால் நகர்ந்தாய்.

உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஏடுகளைத் தள்ளுகிறது, இதன் பெயர் வெர்மிகுலைட், செடித் தொட்டியிலும் போடுவார்கள், உலைக்குச் சூடு தாங்கவும் வைப்பார்கள் என்று விளக்கினேன். நீ அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப அது ஒண்ணுத்துக்கும் ஆவாத மூலை இல்ல, அதான?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் கேள்வியில் உன் அண்ணனும் இருந்தார், அந்த நாலு பேரும் இருந்தார்கள். நான் பொறுப்பாக, "இருக்குதுன்றது வேற, எவ்ளோ இருக்குதுன்றது வேறடி" என்றேன். அந்த மட்டும் சரியாகத்தான் பேசியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த கனிம ஆய்வுக் கம்பெனி அனுமதியெல்லாம் வாங்கி அங்கே ஆய்வு தொடங்கியபோது பொறுப்பு என்னிடம் வந்தது. சிநேகிதியின் நிலம் என்பதை முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப இன்னும் ஜாக்கிரதையா செய்யுங்க" என்றார். ஏழு குழிகள். ஒவ்வொரு குழியின் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் வாய்க்கால்போல் வெட்டி, விழுவதையெல்லாம் தார்ப்பாயில் பிடிக்க வேண்டும். குவித்து, நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறு இரண்டை எடுத்து, மறுபடி குவித்து, மறுபடி கூறு போட்டு, கடைசியில் ஒரு பை. அந்த ஒரு பை முழுக் குழிக்கும் பதில் சொல்ல வேண்டும். கல் இருந்தால் கல்லோடு, தூசி இருந்தால் தூசியோடு.

"கறிக் கூறு போடற மாதிரியே இருக்குதே" என்றாய். இரண்டாம் குழிக்கு வருவதற்குள் உன் கை என் கையைவிடச் சுத்தமாகக் கூறு போட்டது. நான் உன்னிடம் ஒரே ஒரு விதியைத்தான் சொன்னேன். "குழியிலேர்ந்து வந்தது எதையும் தூக்கி மட்டும் போட்டுடாத." மற்றதெல்லாம் நீ பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாய் என்று நினைத்தேன். ஏன் கல்லோடும் தூசியோடும் போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கல்லூரியில் படித்தவளுக்கு அது சொல்லவே வேண்டாத விஷயமாகப்பட்டது.

மூன்று குழி முடிந்ததும் எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, வேலை நின்றுபோகுமே என்று போனில் புலம்பினேன். "நீ மூடிக்கினு படு. நான் பாத்துக்கறேன்" என்றாய். நான்கிலிருந்து ஏழுவரை நீ பார்த்துக்கொண்டாய். நான் எழுந்து வந்தபோது நாலு பைகளும் வாய் கட்டி, எண் எழுதி, வரிசையாக நின்றன. தூக்கிப் பார்த்தேன். பையின் அடியில் வழக்கமாகப் படியும் தூசிகூட இல்லை. அடடா, எவ்வளவு நேர்த்தி என்றுதான் நினைத்தேன். இருபது வருடம் மண்ணோடு புழங்கியவளுக்கு அங்கே ஒரு மணி அடித்திருக்க வேண்டாமா? அடிக்கவில்லை. என் சிநேகிதி கெட்டிக்காரி என்ற பெருமை அடைத்துவிட்டது.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. நான் எடுத்த மூன்று குழிகளில் சுமார், நீ எடுத்த நான்கில் அமோகம். இதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மலையை நெருங்க நெருங்கப் படிவம் தடிக்கிறது என்று எழுதி, அழகாகப் படமும் வரைந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உனக்குப் போன் செய்து, "நல்லா வந்துருக்குதுடி" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அண்ணங்கிட்ட நான் சொல்லட்டா?" என்று கேட்டாய். சொல்லு என்றேன்.

ஒரு மாதம் கழித்து, முடிவைச் சரிபார்க்கக் கம்பெனியில் வேறொருவரை அனுப்பி, நீ வெட்டிய வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெட்டிப் பார்த்தார்கள். நான்கு குழியிலும் பாதிகூடத் தேறவில்லை. மேலாளர் என்னை உட்காரச் சொல்லாமலே பேசினார். "சாம்பிள்ல யாரோ கை வச்சிருக்காங்க. உங்க ஃப்ரெண்டு நிலம்தான அது?" அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. நான் கூலிக்காரி மகள். அந்த நாற்காலிக்கு வருவதற்கு எத்தனை பேர் முன்னால் நிரூபித்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வருமே, அப்படியே பஸ் ஏறி வந்தேன்.

நீ நான்காம் குழியின் ஓரத்தில் நின்றிருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய். உன் அண்ணனும் அங்கே நின்றது என் கண்ணில் பட்டது. பட்டும் நான் நிறுத்தவில்லை.

"பைக்குள்ள இன்னாத்தச் சேத்த?" என்றேன்.

"இன்னாடி கேக்கற?"

"நல்ல செதிலாப் பொறுக்கிப் பொறுக்கிச் சேத்து அனுப்பிட்ட. உன் மூலைக்கு மவுசு வரணும்னு என்னையே ஏமாத்திட்ட இல்ல?"

உன் முகத்தில் சிரிப்பு இன்னும் போகாமல் பாதியில் நின்றது. "நான் ஒண்ணுமே சேக்கலடி" என்றாய். "எங்கம்மா மேல சத்தியமா, ஒரு செதிலு சேக்கல."

"பொய் வேற சொல்ற."

உன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதான பாத்தேன்" என்றார். வேலையாட்களில் யாரோ சிரித்தார்கள். நீ அவர்களைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பி நடந்தேன்.

என் அம்மா சொல்வாள், நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று. அவள் மகளுக்கு அள்ளவும் தோன்றவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. பொங்கலுக்கு மல்லாட்டை கொடுத்தனுப்பினாய், பஸ் கண்டக்டர் கையிலேயே திருப்பி அனுப்பினேன். கம்பெனி குழிகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிற்று. மழைத் தண்ணீர் தேங்கி ஆடு குடிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கேட்காததுபோல் இருந்தேன்.

அப்புறம் உன் மகளிடமிருந்து போன். "அத்தை, அம்மா போயிட்டாங்க." மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதானாம். நான் எடுப்புக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்போதும் எனக்குள் கொஞ்சம் கோபம் இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? செத்துப்போனவள்மேலும் கோபமாக இருந்தேன்.

கருமாதிக்கு வந்தேன். சாப்பாடு முடிந்ததும் உன் மகள் என் கையைப் பிடித்து மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். எலி எட்டாத உயரத்தில், உத்தரத்தில் கட்டிய கயிற்றில் நாலு பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டு. உன் குண்டு எழுத்து. "குழி 4 கழிச்சது." "குழி 5 கழிச்சது." ஆறு. ஏழு.

"இது இன்னாம்மா?" என்றேன்.

"உங்க மண்ணு அத்தை. அம்மா யாரையும் தொட உடாது. வருசா வருசம் நொச்சி எல மாத்தும்."

"என் மண்ணா?"

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப கூறு போட்டு எடுத்தாங்கல்ல, அத ராத்திரி பகலா உக்காந்து சல்லடைல சலிச்சி, மொறத்துல கொழிச்சி, கல்லெல்லாம் பொறுக்கிட்டுத்தான் பைல போட்டாங்க. நானும்கூட உக்காந்தேன். அத்தை பேர்ல பெரிய ஆபீசுக்குப் போவுது, ஒரு கல்லு இருந்தா அவளுக்குத்தான் கேவலம்னு சொல்லும். கழிச்சதக் கொட்டப் போனேன், அடிக்க வந்துடுச்சு. எதையும் தூக்கிப் போடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே."

நான் அங்கிருந்த மோட்டார்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் சின்னக் குரலில் சொன்னாள். "அம்மாவுக்குக் கடசி வரைக்கும் நீங்க எதுக்குக் கோவிச்சிக்கினீங்கன்னே புரியல அத்தை. நான் ஒண்ணும் சேக்கலியே, சேக்கலியேன்னுதான் சொல்லிக்கினு இருக்கும்."

ஆமாம். நீ ஒன்றும் சேர்க்கவில்லை; கல்லும் தூசியும் போனதால் பைக்குள் செதிலின் பங்கு ஏறியிருந்தது, அவ்வளவுதான். என்ன சேர்த்தாய் என்று கேட்டேன், என்ன கழித்தாய் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நீ என்னை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் இந்தப் பைகளைக் காட்டியிருப்பாய், பெருமையாகக் காட்டியிருப்பாய். நான் தலையில் அடித்துக்கொண்டு திட்டியிருப்பேன். நீ சிரித்திருப்பாய். நமக்குள் சரியாகப் போயிருக்கும்.

வீட்டுக்கு எடுத்து வந்து மூன்று பைகளைப் பிரித்தேன். தோசைக்கல்லைக் காயவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட நெளியவில்லை. ஒரு செதில் தவறிப்போகாமல் கழித்திருக்கிறாய். என் அம்மா பார்த்திருந்தால் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்திருப்பாள். நாலு பைகளையும் எடை போட்டேன். அன்று நீ அனுப்பியதின் எடை என் பழைய நோட்டில் இருந்தது. இரண்டையும் கூட்டி, செதிலின் அளவை அந்த மொத்தத்தால் மறுபடி வகுத்தேன். அந்த வேற்றாள் வந்து வெட்டி எடுத்த கணக்கு அப்படியே வந்தது. குழிக்குக் குழி வந்தது. உன் வாய்க்கால் சரி, உன் கூறு சரி. பதில் முழுவதும் உன் கொட்டகையில் நாலு பைகளாக மூன்று வருடம் தொங்கியிருக்கிறது. நீ எதையும் தூக்கிப் போடவில்லை. நான்தான் போட்டேன்.

மேலாளருக்கு எழுதினேன். "நன்றி, கோப்பில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. உன் அண்ணனைத் தேடிப்போய், டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன், உங்கள் தங்கச்சி என்னை ஏமாற்றவில்லை, தப்பு என்னுடையது என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இத அது இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவரிடமிருந்து அதைக் கேட்கும்படி ஆயிற்று. அந்த மூலை ஒன்றும் பெரிதாகத் தேறாது என்பதும் உண்மைதான். அதை உன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

இப்போதும் குழி குழியாகத்தான் அலைகிறேன். புதிய இடத்துக்குப் போனால் வேலைக்கு வரும் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, கல்லோடும் தூசியோடும் ஏன் வேண்டும் என்று முதலில் சொல்கிறேன். அவர்கள், "சரி மேடம்" என்பார்கள். நான் இன்னொரு தடவை சொல்கிறேன்.

நான்காம் குழியின் பையை மட்டும் இதுவரை பிரிக்கவில்லை. உன் முடிச்சு அதில் இருக்கிறது, அதனால். இன்று வாசனை குறைந்துவிட்டது. இலை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். மாற்ற வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வாய்க்கால் ஓரம் போய் நொச்சி பறித்து வந்தேன். அவிழ்த்தேன். உள்ளே உன் இலை, நரம்பு மட்டும் மிஞ்சி, தொட்டதும் பொடியாயிற்று. அந்தப் பொடியையும் கொட்டவில்லை, உள்ளேயே விட்டேன். புது இலையைப் போட்டுக் கட்டினேன். நாலு தடவை கட்டிப் பார்த்தும் உன் முடிச்சு எனக்கு வரவில்லை. என் கோணல் முடிச்சோடு அலமாரியில் இருக்கிறது. கல்லுக்குப் பூச்சி வராது, எனக்குத் தெரியும். அடுத்த வருடமும் மாற்றுவேன்.